முறை வைத்துச் சோறு போட்ட ஜமீலா அக்கா

சனிக்கிழமை மாலை ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். தொழிற்பேட்டை விட்ட நேரம், பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. அந்த இரைச்சலில் செல்போன் அடித்தது என் காதில் விழுந்ததே பெரிய விஷயம். பழவேற்காட்டிலிருந்து பாய் பேசினார். ஜமீலா அக்காவின் கணவர். கடைத்தெருவில் வலையும் கயிறும் விற்கிற கடை அவருடையது. எப்போது பேசினாலும் முதலில் என் உடம்பை விசாரிப்பார். அன்றைக்கு அது இல்லை. "உங்க அக்கா மவுத்தாயிட்டாங்கம்மா. காலையில அடக்கம்" என்றார். பொன்னேரிக்குப் போகிற ரயில் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்த ரயிலும் வந்து போனது. யாரோ ஒரு பெண் என் பையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்காரவைத்தாள்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் ஜமீலா அக்கா சொன்ன வீட்டில், அவர் சொன்ன பாயில் உட்கார்ந்து, ஏரி இறாலும் நண்டும் சாப்பிட்டவர்கள். அவரிடம் திட்டு வாங்காதவர்கள் உங்களில் யாரும் இருக்க முடியாது. நல்லதாக நாலு வரி எழுதி முடித்துக்கொள்ளலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று கேட்டால் எல்லார் மேலும்தான். கொஞ்சம் அவர் மேலும்.

சுனாமிக்குப் பிறகுதான் அவரை எனக்குத் தெரியும். நான் வேலை பார்க்கும் ரசாயன ஆலையின் சோதனைக்கூடத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அரிசி மூட்டைகளோடு பழவேற்காட்டுக்குப் போயிருந்தோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வழி நெடுக, மெட்ராஸிலிருந்து வேனில் வந்தவர்கள் கொட்டிவிட்டுப் போன பழந்துணி. பித்தான் இல்லாத சட்டை, கிழிந்த ஜாக்கெட், எவர் வீட்டுத் திரைச்சீலையோ. அந்தக் குவியலின் பக்கத்தில் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார். எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, மூட்டையில் துணி இருக்கிறதா என்று. அரிசி என்றோம். சரி, இறக்கி வையுங்கள் என்றார். திரும்பிப் போகக் கிளம்பிய எங்களை விடவில்லை. "இருங்க. போறதுக்கு முன்னாடி இங்க ஒரு ஊட்ல குந்தி சாப்டுட்டு, அதுக்குக் காசு குடுத்துட்டுப் போங்க. வாங்கிக்கினே இருந்தா கை மரத்துப் போவுது. நாங்களும் எதனா குடுக்கணும்ல" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலை அடித்த ஊரில் போய்ச் சாப்பிடுவதா? ஆனால் அவர் கேட்பது போலத் தெரியவில்லை, உத்தரவு போடுவது போலத்தான் இருந்தது. ஒரு மீனவர் வீட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம். அந்த வீட்டுப் பெண் அலைக்குப் பிறகு அன்றுதான் முழு அடுப்பு மூட்டினாளாம். சாப்பிடச் சாப்பிட எனக்குக் கண்ணீர் வந்தது. அவள் அதைக் காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அப்படி ஆரம்பித்ததுதான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. ஏரியைப் பார்க்க, பூநாரையைப் பார்க்க, டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க என்று ஊருக்கு ஆள் வந்துகொண்டேதான் இருந்தது. வந்தவர்கள் கட்டுச்சோறு கொண்டுவருவார்கள், படகில் ஏறுவார்கள், எச்சில் இலையைக் கரையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஊருக்கு மிச்சம் அந்த இலைதான். கல்லறையைப் படம் பிடிக்கிறவர்களைப் பார்த்து அக்கா சொல்வார்: "செத்தவன பாக்க இம்மாந்தூரம் வர்றாங்க. உசிரோட கீறவன பாத்தா மூக்கப் புடிச்சிக்கிறாங்க." அதைச் சிரித்துக்கொண்டு சொல்லமாட்டார். நிஜமாகவே எரிச்சல்.

அவர் செய்தது என்னவென்றால், ஏரிக்காரர்களின் முறையைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். பழவேற்காட்டு ஏரியில் வலை போடும் இடங்களை மீனவர்கள் குலுக்கிப் போட்டு நாள் நாளாகப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு உன் முறை என்றால் அந்தத் தண்ணீர் இன்றைக்கு உன்னுடையது. பக்கத்து ஊர்க்காரன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அதில் வலையை இறக்க முடியாது. இதற்குப் பாடு என்று பெயர். வலைக்கடைக்காரர் மனைவி என்பதால் அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தப் பாடு முறையில் எல்லாருக்கும் இடம் கிடையாது, ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் பாடு இல்லாத சனங்கள் உண்டு என்பதும் தெரியும். தன்னுடைய சமையல் பாடு முறையில் பாய்மார் தெரு, மீனவர் குப்பம், காலனி மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கினார். எந்த ஞாயிறு யார் வீட்டுக்கு வருகிறதோ அங்கேதான் வந்தவர்கள் சாப்பிட வேண்டும். இந்த வீடு வேண்டும், அந்த வீடு வேண்டாம் என்கிற பேச்சே கிடையாது. அவருடைய நாத்தனார் இதற்காக ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அக்கா அதை நிம்மதியான மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்களைக் கூட்டிவருவது என் வேலை. வேன் பிடிக்கக் கூடாது, பொன்னேரி வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும்தான் வர வேண்டும். அப்போதுதான் வழியில் டீக்கடைக்காரருக்கும் நுங்கு விற்கிறவளுக்கும் ஏதாவது கிடைக்கும் என்பார். இறால் உரிக்கிற பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. படகுக்கும் முறைதான். ஒருநாள் எங்களோடு வந்த ஒரு மனிதர், நடு ஏரியில் பூநாரைகள் பறப்பதைப் பார்க்க வேண்டும் என்று பலமாகக் கை தட்டினார். பறவைகள் மொத்தமாக எழும்பின. அக்கா படகுக்காரரிடம் ஒரு வார்த்தைதான் சொன்னார், படகு கரைக்குத் திரும்பியது. அந்த மனிதர் காசு கொடுத்திருக்கிறேனே என்று எகிறினார். "பறவ எழும்புச்சுன்னா நீ ரொம்ப கிட்ட போய்ட்டேன்னு அர்த்தம். மனுசங்க கிட்டயும் அப்பிடித்தான். வாய மூடிக்கினு வா" என்றார் அக்கா. நாங்கள் எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தோம்.

இப்போது ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலனியில் இருந்தாள். அவள் அப்பா அம்மா காலத்தில் அறுவடைக் கூலி. அவள் கணவர் அந்தோணி கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் காண்டிராக்டில் லோடிங் வேலை பார்த்தார். முதல் முறை அவள் வீட்டுக்குப் பாடு வந்தபோது நாங்கள் சோதனைக்கூடத்துப் பெண்கள் நாலைந்து பேர்தான் போனோம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். இறாலும் கத்தரிக்காயும் போட்டு மாங்காய் புளிப்போடு ஒரு குழம்பு வைத்திருந்தாள். அப்படி ஒரு குழம்பை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. "உப்பு சரியா கீதுங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்தவள், அக்காவிடம் மெதுவாகக் கேட்டாள், அடுத்த பாடு எப்போது வரும் என்று. ஏரியில் அவள் ஆட்களுக்கு என்றைக்கும் பாடு இருந்ததில்லை. அவளுக்கென்று வந்த முதல் பாடு இது. அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என்னிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த முறை அவள் வீட்டுக்குப் பாடு வந்த ஞாயிறு, அந்தோணி வேலை பார்க்கும் அதே ஆலையின் அதிகாரிகள் குடும்பத்தோடு வந்தார்கள். நான் வழக்கம்போல வந்திருந்தேனே தவிர, அவர்களைக் கூட்டிவரவில்லை. ஊரில் நல்ல சாப்பாடு கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு அவர்களாகவே பாயின் கடைக்குப் போன் செய்து சொல்லியிருந்தார்கள். பெரிய கூட்டம். ஸ்டெல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. விடியும் முன்பே சந்தைக்குப் போய் இறால் வாங்கியிருந்தாள், பக்கத்து வீடுகளில் தட்டு இரவல் வாங்கியிருந்தாள். அந்தோணி முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு காலனி முனையில் நின்றார். தன் அதிகாரிகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக.

பஸ் நிற்கும் இடத்தில் அக்கா அவர்களிடம் சந்தோஷமாகச் சொன்னார், இன்றைக்கு ஸ்டெல்லா வீடு, அவள் வீட்டுக்காரர் உங்கள் மில்லில்தான் வேலை பார்க்கிறார் என்று. அவர்களுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தார் பாவம். ஒருவர், "நம்ம லோடிங் அந்தோணியா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் எதுவும் தப்பாகப் பேசவில்லை. ஒரு அம்மாள் வெயில் அதிகம் என்றார். இன்னொருவர் குழந்தைக்கு நடக்க முடியாது என்றார். ஒருவர், பாய் வீடு பக்கத்தில்தானே, அங்கேயே ஏதாவது எளிமையாகச் செய்தால் போதும் என்றார். எவ்வளவு நாகரிகமாக ஒரு வீட்டை வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பதை அன்று நேரில் பார்த்தேன். சாதி என்கிற சொல்லை அவர்கள் வாய் உச்சரிக்கவே இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தி, நீ இவர்களைப் படகுக்குக் கூட்டிப் போ, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

வழக்கமான அக்காவாக இருந்தால் பட்டினியோடு திருப்பி அனுப்பியிருப்பார். அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். ஏரியில் இருந்த நேரம் முழுக்க அவர்களுக்குக் கிடைக்கப்போகும் வசவை நினைத்து உள்ளுக்குள் குதூகலமாகக்கூட இருந்தது. திரும்பி வந்து பார்த்தால், அக்கா வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து, தட்டு வைத்துப் பரிமாறத் தயாராக இருந்தது. உட்கார்ந்தார்கள். குழம்பு ஊற்றப்பட்டது. எனக்கும் ஊற்றினார்கள். ஒரு வாய் வைத்தேன். மாங்காய்ப் புளிப்பு. இறால், கத்தரிக்காய்.

நடந்தது இதுதான். சமைத்தது வீணாகப் போகிறதே, ஸ்டெல்லாவின் காசும் உழைப்பும் பாழாகிறதே என்று அக்காவுக்குப் பதைத்துவிட்டது. காலனிக்கு ஆள் அனுப்பி, சமைத்ததை எல்லாம் தன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அந்தோணியும் ஸ்டெல்லாவும் சேர்ந்து அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்திருக்கிறார்கள். அந்தோணி அண்டாவை வைத்துவிட்டு அப்படியே போய்விட்டார். ஸ்டெல்லா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று குழம்பைக் கிண்ணத்தில் மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அதிகாரிகள் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டார்கள். வெயில் அதிகம் என்ற அந்த அம்மாள்தான் சொன்னார், "பாய் வீட்டுக் கைமணமே தனிதான்" என்று.

அக்கா அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இது ஸ்டெல்லா சமைத்தது என்று ஒரு வார்த்தை. முன்பின் தெரியாத மனிதரைப் பறவைக்காகத் திட்டிய வாய். திறக்கவில்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டினார். பிறகு என்னிடம் அவரே சொன்னார், சொன்னால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்கள், கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் அதையும் பார்க்க வேண்டுமே என்று பயந்தேன் என்று. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

அவர்கள் போனதும் அக்கா சமையலறைக்கு ஓடினார். எல்லாம் தீர்ந்துவிட்டது, ஒரு பருக்கை மிச்சமில்லை, எல்லாரும் அசந்துபோய்விட்டார்கள் என்று ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கொடுத்த பணத்தை முழுதாக அவள் கையில் வைத்தார். ஸ்டெல்லா கத்தவில்லை, அழவும் இல்லை. அண்டாவைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "சோறு தீந்துச்சு, சந்தோஷம்க்கா. ஆனா என் பாட்ட எடுத்து நீங்க போட்டுக்கினீங்க."

ஏரியில் ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை போட்டால் ஊரே கூடிப் பஞ்சாயத்து வைக்கும். வலைக்கடை வீட்டில் அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு இல்லை. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டெல்லா அதற்குப் பிறகு குலுக்கலில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். அவள் விலகியதும் காலனியில் மற்ற வீடுகளும் விலகின. காலனி இல்லையென்றால் நாங்கள் எதற்கு என்று குப்பத்தில் சிலர், இதுதான் சாக்கு என்று பாய்மார் தெருவில் பலர். பாடு என்று ஒன்று இருந்ததே சில மாதங்களில் இல்லாமல் போனது. யாருக்கும் யார் மேலும் சண்டை இல்லை. சண்டை வந்திருந்தாலாவது பேசித் தீர்த்திருக்கலாம். வெளியூர்க் காண்டிராக்டர் ஒருவர் வந்தார். அவருடைய வேன், அவருடைய மோட்டார் படகு, மெட்ராஸிலிருந்து பொட்டலத்தில் வரும் சாப்பாடு. ஊர்ப் பெண்களுக்கு அந்தப் பொட்டலங்களைப் பொறுக்கிக் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. ஸ்டெல்லா அதற்கும் போகவில்லை. தொழிற்பேட்டையில் ஒரு கேண்டீனில் பாத்திரம் கழுவப் போனாள்.

அக்கா இதை மறைக்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அதனால்தான் நானும் இங்கே எழுதுகிறேன், செத்தவரைக் குறை சொல்கிறாள் என்று என்னை யாரும் வைய வேண்டாம். சர்க்கரை அவரை ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தது. கடைசி வருடத்தில் கால் ஆறவே இல்லை. போனமாதம் நான் போயிருந்தபோது படுத்துக்கொண்டே கேட்டார், ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு வேன் வருகிறது என்று. நிறைய என்றேன். "வரட்டும். வந்துட்டு யாரையும் பாக்காம போவட்டும். நான்கூட அதத்தான செஞ்சேன். சோத்தப் பாத்தேன், அவள பாக்கல" என்றார். நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடக்கம். தெருவில் சுற்றுலா வேன்கள் வரிசையாக நின்றன. அக்காவின் மய்யத்தைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் கிளம்ப, ஒரு வேன் ரிவர்ஸ் எடுத்து முடிக்கும்வரை நிற்க வேண்டியதாயிற்று. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் போன் கேமராவைத் தூக்கிப் படம் எடுத்தார். திட்டுவதற்கு அந்தத் தெருவில் யாரும் இல்லை. திட்டுகிறவரைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்களே.

பெண்கள் வீட்டிலேயே இருந்தோம். ஸ்டெல்லா வந்திருந்தாள். கூடத்துக்குள் வராமல் நிலைப்படிக்கு வெளியே, செருப்புகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். உள்ளே வா என்று நாத்தனாரே எழுந்து போய்க் கூப்பிட்டார், ஆமாம், அதே நாத்தனார்தான். பரவாயில்லை என்று அங்கேயே நின்றாள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்த சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றாள். அவள் உதடு காய்ந்திருந்தது.

பஸ் நிற்கும் இடம்வரை அவளோடு நடந்தேன். நடுவில் ஒருமுறை, தானாகவே சொன்னாள். அந்த விஷயம் நடந்த பிறகு அக்கா காலனிக்கு வந்து அவள் வாசலில் நின்றாராம், ஒருமுறை இல்லை, பலமுறை. "உள்ள வாங்கன்னு நான் கூப்டல. அவங்களும் வரேன்னு சொல்லல. கால் வீங்கிக் கெடந்துச்சு, நான் பாத்தேன். பாத்துக்கினே நின்னேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு எங்கள் சோதனைக்கூடத்துப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கே சாப்பிட வருகிறேன், முன்பு மாதிரியே ஆரம்பிப்போம் என்றேன். எனக்கே என் குரல் அசட்டுத்தனமாகக் கேட்டது. ஸ்டெல்லா என்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்க வருவீங்கக்கா. அப்பறம்?" என்றாள்.

பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

ஜமீலா அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான். பாடு நின்றுபோன பிறகு அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான். எந்த ஊருக்குப் போனாலும் சாப்பிட்டு முடித்ததும் சமைத்தவரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வா என்றார். செய்கிறேன். எதற்கு மேடம் அதெல்லாம் என்று ஓட்டல் முதலாளிகள் நெளிவார்கள், நான் விடுவதில்லை. அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு யாராவது ஒரு பெண் வருகிறாள். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எதிரில் உள்ள நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்கிறேன்.

இதுவரை ஒருத்தியும் உட்காரவில்லை.